எட்டாவது அணியும் இளகின ஐஸும்

மணி நான்கு பத்து. ரிவியில் ஐஸ் ஹொக்கி ஆட்டம் சமநிலையில் நின்றது, மேலதிக நேரம் தொடங்கி ஆறு நிமிடம், இனி எந்தப் பக்கம் ஒரு கோல் விழுந்தாலும் அந்தக் கணமே எல்லாம் முடிந்தது. அப்படிப்பட்ட நேரத்தில்தானா ஐஸ் மெழுக வேண்டும் என்று குலநாயகம் யாரையும் கேட்கவில்லை, கேட்டால் யார் கேட்கப்போகிறார்கள், நான்கு இருபதுக்கு நடனச் சறுக்கல் படிக்கிற பெண்பிள்ளைகள் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு ஐஸ் கண்ணாடிபோல் இருக்க வேண்டும். கோல் வலை இரண்டையும் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு ஐஸ் மெழுகுகிற அந்த யானைபோல் பெரிய வண்டியில் ஏறிக் குந்தினான். ஐஸைச் சீவுகிற கத்தியை இறக்கினான், சுடுதண்ணீர்க் குழாயைத் திறந்தான், பின்னால் துணி நனைந்து ஆவி எழும்பியது. ஸ்காபரோவில் ஒரு தனியார் அரங்கு இது, சிறிய அரங்குதான், சுவரில் நான்கு இடத்தில் பெயின்ற் உரிந்திருக்கும், ஆனால் ஐஸைப் பற்றி யாரும் ஒரு குறை சொன்னதில்லை, சொல்லவும் விடமாட்டான். முதலில் மரத்தடுப்பை ஒட்டி ஒரு முழுச் சுற்று. பிறகு உள்ளே உள்ளே ஒவ்வொரு வட்டமாக. பன்னிரண்டு வருசமாகச் சுற்றுகிற சுற்று, கை தானாகத் திருப்பும், ஆகவே மனம் தன்பாட்டில் எங்கேயாவது போய்விடும், இன்றைக்கு அது போன இடம் கண்ணாடிக்கு அப்பால், லோஜினியின் சிற்றுண்டிக் கடையில் மாட்டியிருக்கிற ரிவிக்கு.

பத்மலோஜினி நல்ல பெண், வாய்தான் கொஞ்சம் நீளம். உருளைக்கிழங்குப் பொரியலும் ஹொட் சொக்கலேற்றும் விற்கிற அந்தச் சின்னப் பெட்டிக் கடைக்குள் நின்றுகொண்டு அரங்கில் உள்ள ஒவ்வொருவரின் சாதகத்தையும் வைத்திருப்பாள். வண்டியில் ஏறப்போனவனைக் கூப்பிட்டுச் சொன்னாள், "அண்ணை, நீங்கள் யோசிக்காமல் போங்கோ. சின்னவை அடிச்சால் நான் ஓடிவந்து கண்ணாடியிலை தட்டுறன். பெரியவை அடிச்சால் வரமாட்டன், நீங்களே விளங்கிக்கொள்ளுங்கோ." பெரியவை என்பது அட்டவணையில் முதலாம் இடத்தில் நின்ற அணி, சின்னவை எட்டாம் இடத்தில் தொங்கிப் பிடித்துப் பிளேஓஃப் என்கிற வெளியேற்றச் சுற்றுகளுக்குள் வந்த அணி. அணிகளின் பெயர் லோஜினியின் வாயில் நுழையாது என்றில்லை, அவளுக்கு இப்படிச் சொல்வதுதான் பிடிக்கும், கேட்டுக் கேட்டுக் குலநாயகத்துக்கும் அதுவே வந்துவிட்டது. சின்னவை. பாவம், அந்தச் சின்னவை வருசம் முழுக்க வாங்கிக் கட்டின அடி கொஞ்சமா. அவர்களைப் போய் வெல்வார்கள் என்று ஒரு மனிதன் தாளில் எழுதிக் கையெழுத்தும் வைத்தான் என்றால், ஒன்றில் அவனுக்கு விசயம் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்டை கழன்றிருக்க வேண்டும். டக் இரண்டாவதைத்தான் சொன்னான். டக் மற்ற வண்டி ஓட்டுநர், ஆங்கிலத்தில் சிரித்தால் வயிறு குலுங்கும், குலநாயகத்தோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவன். அந்த ஒரே நாள்தான் எல்லாத்துக்கும் வினை.

காலை ஷிஃப்ட் ஒன்று, பின்னேர ஷிஃப்ட் ஒன்று. இரண்டு பேருக்கும் காலைதான் வேண்டும். மூப்புப் பார்த்துக் கொடுக்கலாம் என்றால் இரண்டு பேரும் ஒரே திங்கட்கிழமை, ஒரே எட்டு மணிக்கு வந்து கையெழுத்து வைத்தவர்கள். மேலாளர் ஷெரில் மூன்று வருசம் தலையைச் சொறிந்து பார்த்துவிட்டு இந்த வருசம் ஒரு வழி சொன்னாள், எப்படியும் எல்லோரும் பிளேஓஃப் கணிப்புத் தாள் நிரப்புகிறீர்கள்தானே, முதல் சுற்றின் எட்டுத் தொடரிலும் யார் கூடச் சரியாகச் சொல்கிறீர்களோ அவருக்கு அடுத்த திங்கள் தொடக்கம் ஒரு வருசத்துக்குக் காலை. சரியான விடைக்கு ஒரு புள்ளி, கீழே நின்ற அணி வெல்லும் என்று சொல்லி வென்றுவிட்டால் இரட்டை. ஏழு தொடர் முடிந்துவிட்டது. டக்குக்கு ஐந்து, குலநாயகத்துக்கு நான்கு. கடைசித் தொடரில் டக் பெரியவை என்று எழுதியிருக்கிறான், எழுதாமல் விடுவானா. குலநாயகம் சின்னவை. பெரியவை வென்றால் டக் பின்னேரங்களில் ஏரிக்குப் போய் மீன் பிடிப்பான். சின்னவை வென்றால் ஆறுக்கு ஐந்து, குலநாயகம் இரண்டு மணிக்கு வேலை முடிந்து வீட்டுக்குப் போவான், போய்த் தன் மனுசியோடு இருந்து ஒரு இராச்சாப்பாடு சாப்பிடுவான். அவ்வளவுதான் கேட்டான். ஒரு மனிதன் அதற்குமேல் என்ன கேட்பான்.

வளைவில் வண்டியைத் திருப்பும்போது சுடுதண்ணீரின் மணம் வந்தது, அந்த மணத்துக்குப் பெயர் கிடையாது, இரும்பும் ஈரத் துணியும் கலந்த ஒன்று, அவனுக்குப் பிடிக்கும். குளிர் முகத்திலும் சூடு முதுகிலும். இந்த இருக்கையில் இருக்கும்போது அவனுக்கு ஒரு குறையும் இல்லை, அதை அவன் வெளியே சொல்வதில்லை, சொன்னால் ஊர்ச் சனம் ஐஸ் மெழுகுகிறதில் என்ன சந்தோசம் என்று கேட்கும். இருக்கிறதே. கீறலும் குழியுமாகக் கிடந்தது பின்னால் திரும்பிப் பார்க்கும்போது மினுங்கிக்கொண்டு கிடக்கிறது, இதைவிட வேறு என்ன வேண்டும். அந்த ஐஸிலிருந்துதான் அவனுடைய கணிப்பும் வந்தது, மண்டை கழன்று அல்ல. சித்திரை கடந்தால் வெளியே வெயில், பெரிய அரங்குகளில் பதினெட்டாயிரம் பேர் உள்ளே இருந்து மூச்சு விடுகிறார்கள், ஐஸ் இளகும். இளகின ஐஸில் அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு வழுக்காது, துள்ளும். பெரியவையின் விளையாட்டே வழுக்கல்தான், ஒருவன் பார்க்காமலே அடுத்தவனுக்குத் தள்ளுவான், அது போய்ச் சரியாக மட்டையில் ஒட்டும். துள்ளினால் ஒட்டுமா. சின்னவைக்கு அந்தக் கெட்டித்தனம் கிடையாது, தூக்கி மூலைக்குள் எறிவார்கள், பின்னால் ஓடுவார்கள், விழுவார்கள், எழும்புவார்கள். ஐஸ் எவ்வளவுக்குக் கெடுகிறதோ அவ்வளவுக்கு அவர்களுக்கு நல்லது. மதியச் சாப்பாட்டு அறையில் இதைச் சொன்னபோது டக் சிரித்தான். ஏழு ஆட்டத் தொடரில் ஆறு ஆட்டம் முடிந்து மூன்றுக்கு மூன்று என்று நின்றபோது டக் சிரிக்கவில்லை. நேற்று வந்து, குலா, அந்த ஐஸ் கதையை இன்னொருக்கால் சொல் என்று கேட்டான். அதை நினைக்க நினைக்கக் குலநாயகத்துக்கு மனம் குளிர்ந்தது, இரண்டாம் சுற்று முழுவதும் அதை நினைத்துக்கொண்டே ஓட்டினான்.

ஆனால் மூன்றாம் சுற்றில் அது வந்தது. எப்போதும் மூன்றாம் சுற்றில்தான் வரும், மனம் நல்லதைத் தின்று முடித்துவிட்டு மற்றதைத் தேடுகிற நேரம். ஐஸ், ஐஸ் என்கிறாயே, உண்மையில் அதற்காகவா எட்டாம் இடத்தை எழுதினாய். மற்ற ஏழு தொடரிலும் நீ ஐஸைப் பார்த்தாயா, இல்லையே, ஊரோடு ஒத்துத்தானே எழுதினாய். உயிர் போகிற மாதிரி வேண்டிய ஒன்றை ஒரு மனிதன் எட்டாம் இடத்தில் கொண்டுபோய் வைப்பானா. வெல்லாத குதிரையில் கட்டுகிறவன் வெல்லத்தான் கட்டுகிறானா. சீ, என்ன யோசனை இது. வண்டி தன் தடத்தைவிட்டு ஒரு சாண் விலகிவிட்டது, திருத்தினான். அன்றைக்குக் காலையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டுதான் அந்தத் தாளை நிரப்பினான், மனுசி தவமலர் எதிரே இருந்தாள், பாண் சுடுகிற தொழிற்சாலையில் இரவு முழுக்க நின்றுவிட்டு வந்த களை, கண் பாதி மூடியிருந்தது. ஒன்பது வருசமாக அவர்களுக்கு அந்த ஒரு மணித்தியாலம்தான், ஏழிலிருந்து எட்டு, இவன் முழுதாக விழிக்கவில்லை, அவள் பாதி நித்திரை. அவள் படுத்து எழும்ப இவன் வேலைக்குப் போயிருப்பான், இவன் வந்து சேர அவள் போயிருப்பாள். கிழமையில் ஒரு நாள் லீவு ஒத்துவரும், அதுவும் சாமான் வாங்க, உடுப்புத் தோய்க்க, யாருடையவோ பிள்ளையின் பிறந்தநாளுக்கு மண்டபத்தில் ஐந்நூறு பேரோடு சேர்ந்திருந்து சாப்பிட என்று போய்விடும். சண்டை கிடையாது. அதைச் சொல்லத்தான் வேண்டும், ஒன்பது வருசமாக ஒரு சண்டை கிடையாது. சண்டை பிடிக்க இரண்டு பேரும் முழித்திருக்க வேண்டுமே.

முன்பென்றால் மகளைப் பற்றிக் கதைக்க இருந்தது, அவளுடைய பள்ளிக்கூடம், அவளுடைய இருமல், அவள் யாரோடு போனில் கதைக்கிறாள். மகள் படிக்க வேறு ஊருக்குப் போய் இரண்டு வருசம். அதே வருசம்தான் அரங்கின் குளிரூட்டிக் குழாய்களை மாற்ற என்று ஐஸைக் கழற்றி எடுத்தார்கள், குலநாயகத்துக்கு இரண்டு கிழமை பின்னேரமெல்லாம் வீடு. முதல் நாள் தவமலர் இறால் குழம்பு வைத்தாள், இரண்டு பேரும் மேசையில் இருந்து சாப்பிட்டார்கள், நல்லாயிருக்கு என்றான், உப்புக் கூடிப்போச்சு என்றாள், இல்லையில்லை அளவாத்தான் இருக்கு என்றான், பிறகு கரண்டிச் சத்தம். இரண்டாம் நாள் ரிவியைப் போட்டார்கள். மூன்றாம் நாளும் ரிவி. நான்காம் நாள், ஏழு மணியும் ஆகவில்லை, அவள் வேலைக்குப் போகிற சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். "இண்டைக்கு ஆள் குறைவாம், நான் வெள்ளனப் போறன்." ஓமோம், போம் என்றான். ஆள் குறைவாக இருந்திருக்கும். ஏன் இருக்கக்கூடாது. பாண் தொழிற்சாலையில் ஆள் குறைவது வழமைதானே. அவன் கேட்கவில்லை, அவள் சொல்லவில்லை, கதவு மூடின சத்தம் மட்டும் இரண்டு வருசமாக அவனுக்குள் எங்கேயோ கிடக்கிறது. நல்ல மனுசி. இருபத்தாறு வருசம். அவளை அவனுக்கு நிறையப் பிடிக்கும், அதில் சந்தேகமே இல்லை, பிரச்சினை அதுவல்ல. பிரச்சினை என்னவென்றால், ஒவ்வொரு நாளும் மூன்று மணியிலிருந்து ஒன்பது மணி வரை ஆறு மணித்தியாலம், கிழமைக்கு எத்தனை, வருசத்துக்கு எத்தனை, அவ்வளவு நேரமும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த மனுசனிடம் ஒன்றுமில்லை என்று அவளுக்குத் தெரிந்துவிடுமே. ஐஸ் மெழுகுகிற கதையை எத்தனை நாளைக்குச் சொல்வது. ஒரு மணித்தியாலக் குலநாயகம் நல்ல குலநாயகம். ஆறு மணித்தியாலக் குலநாயகத்தை அவனுக்கே தெரியாது.

அப்போதுதான் சத்தம் கேட்டது. கண்ணாடிக்கு அப்பால் கடைப் பக்கம் இருபது முப்பது பேர் ஒரேயடியாகக் கத்தினார்கள், வண்டியின் இரைச்சலுக்கு மேலாலும் கேட்டது. கோல். எந்தப் பக்கம் என்று தெரியவில்லை, கத்துகிற சத்தத்தில் பக்கமா இருக்கிறது. அவன் வண்டி தூர வளைவில், கடைக்கு முதுகு. திரும்பி நேர்ப் பாதைக்கு வந்தபோது கண்ணாடியைப் பார்த்தான். லோஜினி இல்லை. கடை ஓரத்தில் முதுகுகள் மட்டும், எல்லா முகமும் ரிவியைப் பார்த்தபடி. ஓடி வருவாள், கொஞ்சம் பாரமான உடம்பு, நேரமெடுக்கும். கண்ணாடியைத் தாண்டிப் போனான். அடுத்த வளைவு. திரும்பிப் பார்த்தான், இல்லை. சரி. பெரியவை. முடிந்தது. முடிந்தது என்று தெரிந்த அந்தக் கணம் குலநாயகத்துக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினது, இறங்கித் தொலைந்தது, ஆகா என்றிருந்தது. நல்லது. நாளைக்கும் தேத்தண்ணீர், நாளைக்கும் அரைக் கண், நாளைக்கும் சண்டையில்லை. டக் மீன் பிடிக்கட்டும், பாவம், அவனும் பிள்ளைகுட்டிக்காரன். இரண்டு தடுப்புப் பலகை தூரத்துக்கு அந்த நிம்மதி இருந்தது, அவன் விசிலடிக்கக்கூட உதட்டைக் குவித்தான். பிறகு ஐஸில் வரைந்த நீலக் கோட்டின் மேலால் போகும்போது அது கசந்தது. என்ன மனுசனடா நீ என்று தன்னைத்தான் கேட்டான். அங்கே இருபது இருபத்தைந்து வயதுப் பெடியங்கள் பல் உடைந்து, முழங்கால் வீங்கி, முதலாம் இடத்தோடு ஏழு ஆட்டம் மோதியிருக்கிறார்கள், நீ ஒரு மேசையில் போய் இருக்கப் பயந்து அவர்கள் தோற்றதுக்குச் சந்தோசப்படுகிறாய். அவள் இறால் குழம்பு வைத்தாள். உப்புக் கூடிப்போச்சு என்று அவளாகச் சொன்னாள், அது கதைக்கிறதுக்கு ஒரு வழி, அதை நீதான் இல்லையில்லை என்று மூடினாய். ஓம் கூடத்தான் என்று சொல்லியிருந்தால் சிரித்திருப்பாள், ஏன் கூடினது என்று ஒரு கதை வந்திருக்கும், அதற்குப் பின்னால் இன்னொன்று. அவனுக்குக் கண் கரித்தது. குளிர் என்று சொல்லலாம், ஆனால் குளிர் இல்லை. அவனுக்குக் காலை ஷிஃப்ட் வேண்டும். பயத்தோடுதான், ஆனாலும் வேண்டும். பன்னிரண்டு வருசத்தில் எதையும் இவ்வளவு வேண்டினதில்லை, வேண்டினபோது அது போய்விட்டது. இன்னும் இரண்டு சுற்று இருந்தது, வேலை வேலைதானே, ஓட்டினான்.

கடைசிக்கு முந்தின சுற்றில், கண்ணாடியில் படபடவென்று அடி விழுந்தது. லோஜினி. கடை ஏப்ரனோடு, ஒரு கையில் எண்ணெய்க் கரண்டியோடு, மற்றக் கையால் கண்ணாடியை உடைக்கிற மாதிரி அடித்துக்கொண்டு நின்றாள். குலநாயகம் பிரேக்கை அழுத்தினான். கத்தியும் தூக்கவில்லை, தண்ணீரும் மூடவில்லை, ஐஸ் நடுவில் அப்படியே நின்றான், இந்தத் தொழிலில் இதைவிடப் பாவம் கிடையாது. "சின்னவை அண்ணை! சின்னவை!" தடுப்புக் கதவைத் திறந்துகொண்டு கத்தினாள். "ஏன் பிள்ளை, அப்ப கத்தினது?" "அதுதான் கோல்! பிறகு அது கோலோ இல்லையோ எண்டு நடுவர்மார் பாக்க வெளிக்கிட்டினம், சின்னவை வட்டு வர முந்தியே கோட்டைத் தாண்டினவையாம். அவங்கள் வீடியோவைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பாத்து, எனக்கு உயிர் போட்டுது. இப்பதான் சரியெண்டவங்கள்! அது கிடக்க, உங்கடை வண்டிக்குக் கீழை என்ன புகை?" புகை அல்ல, ஆவி. கொதிதண்ணீர் ஒரே இடத்தில் ஊற்றி ஒரு சோற்றுத் தட்டளவு குழி. அவன் பதறிக் குழாயை மூடி, கத்தியைத் தூக்கி, மிச்சத்தை எப்படி ஓட்டி முடித்தான் என்று அவனுக்கே தெரியாது. பிறகு வாளியில் ஐஸ்தூள் கொண்டுவந்து முழங்காலில் இருந்து குழியை அடைத்தான், சறுக்கல் பழக்குகிற பெண்மணி இடுப்பில் கை வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள், அவளைப் பார்த்துச் சிரித்தான், மன்னிப்புக் கேட்கிற சிரிப்பு அல்ல, வேறு சிரிப்பு, அவளுக்கு என்ன தெரியும்.

வண்டி அறைக்குள் வந்து கதவைச் சாத்திவிட்டுக் கையுறையைக் கழற்றினான். போனை எடுத்து வீட்டுக்கு அடித்தான். தவமலர் எழும்பியிருப்பாள். எழும்பியிருந்தாள். "என்னப்பா இந்த நேரத்திலை? பிள்ளைக்கு ஏதுமோ?" "ஒருதருக்கும் ஒண்டுமில்லை. நான் வெண்டிட்டன்." "என்னத்தை?" "காலமை ஷிஃப்டை. வாற திங்கள் துவங்கி." அந்தப் பக்கம் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது. "திங்கள் பின்னேரம் வீட்டிலையோ?" "ஓம்." "செவ்வாயும்?" "ஒவ்வொரு நாளும்தானப்பா. ஒரு வருசத்துக்கு." மறுபடியும் கொதிக்கிற சத்தம். அடுப்பை நிற்பாட்டினாள் போல, அது நின்றது. "எனக்குப் பயமாக் கிடக்கு," என்றாள் தவமலர். "என்னத்துக்குப் பயம்?" "நான் என்ன, பெரிசாக் கதைக்கத் தெரிஞ்ச ஆளே. பாணைப் பாத்து நிண்டிட்டு வாறன், படுக்கிறன். ஒவ்வொரு நாளும் என்னோடை இருந்தால் உங்களுக்கு அலுத்துப்போம். போன முறை பாத்தனான்தானே, ரிவியைப் பாத்துக்கொண்டு இருந்தியள். அதுதான் வெள்ளனப் போனனான்."

குலநாயகம் தண்ணீர் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் இருந்தான். "இஞ்சை பாரும்," என்றான், "ரிவியை ஆர் போட்டது? நீர்தானே போட்டனீர். நான் உமக்கு அலுக்குதெண்டு நினைச்சன்." "நானோ? நீங்கள்தான் ரிமோட்டை எடுத்துக் கையிலை வைச்சிருந்தனீங்கள்." "கையிலை வைச்சிருந்தனான், போட்டது நீர்." "பொய் சொல்லாதேங்கோ." அது சண்டை. சின்னதுதான், ஆனால் அசல் சண்டை, இரண்டு பேரும் முழித்திருந்து பிடித்த சண்டை, அவனுக்கு அதைவிட இனிப்பாக ஒன்றும் ஞாபகத்தில் இல்லை. ரிவிக்காகப் பிடித்துவிட்டு, இறாலுக்கு வந்தார்கள், இறாலிலிருந்து உப்புக்கு, உப்பிலிருந்து பாணில் எவ்வளவு உப்புப் போடுவார்கள் என்றதுக்கு. பாண் தொழிற்சாலையில் நீர் என்னதான் செய்கிறனீர் என்று கேட்டான், ஒன்பது வருசத்தில் முதல் தடவை. வளைந்த பாணைப் பொறுக்கி எடுத்து எறிகிறதாம். எது வளைவு, எது வளைவில்லை என்று எப்படித் தெரியும், அவ்வளவு விரைவாகப் போகிற பட்டியில்? அது பார்க்கிறதில்லையாம், கை விளங்கிக்கொள்ளுமாம். அதை அவள் சொல்லச் சொல்ல அவனுக்கு அது நன்றாக விளங்கியது. பிறகு அவள் கேட்டாள், நீங்கள் ஏன் கடைசியில் கிடக்கிற அணியை எழுதினனீங்கள் என்று. அவன் ஐஸ் கதையைச் சொல்லத் தொடங்கி, நிறுத்தி, உண்மையைச் சொன்னான். அவள் கன நேரம் சிரித்தாள். கதவில் யாரோ தட்டினார்கள், சறுக்கல் பழக்குகிற பெண்மணி தலையை நீட்டினாள், வகுப்பு முடிந்துவிட்டது, அடுத்தவர்கள் வந்து நிற்கிறார்கள், ஐஸ் மெழுகவில்லையா என்று கேட்டாள். ஐம்பது நிமிடம் போயிருந்தது. குலநாயகம் போனைக் காதிலிருந்து எடுக்காமல், தமிழில் ஒரு சொல்லும் தெரியாத அந்த வெள்ளைக்காரப் பெண்மணியைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னான், "கொஞ்சம் பொறுங்கோ அம்மா, என்ரை மனுசியோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன்."